பாயும் படுக்கையும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாய் வந்துவிட்டது. அடியில் கனத்த ரப்பர், மேலே பச்சை பிளாஸ்டிக் புல். இறக்கிவைக்க வந்தவர், “பால்கனில போடறதுக்குங்களாம்மா?” என்று கேட்டார். “மொட்டை மாடிலங்க. கோல்ஃப் ஆடறதுக்கு” என்றேன். என் நரைத்த தலையையும் புடவையையும் ஒரு முறை பார்த்தார். பார்க்கட்டும். மின்வாரியத்தில் கம்பம் ஏறும் ஆட்களை முப்பது வருடம் வேலை வாங்கியவள் நான். இந்தப் பார்வைக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

இந்த டைரி எதற்கு என்றும் எழுதிவிடுகிறேன். செப்டம்பர் 21 அன்று எங்கள் கிளப்பில் ஜோடிக் கோப்பை. கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரே பந்து. எந்த அடியை யார் அடிப்பது என்பது அவரவர் வீட்டு விவகாரம். ஆனால் மொத்த ஆட்டத்தில் ஆளுக்கு ஓர் அடியாவது அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் செல்லாது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் கோப்பை எங்கள் வீட்டு ஷோகேஸில்தான் இருந்தது. தூரத்து அடியெல்லாம் என்னுடையது. என் வயதில் அந்தத் தூரம் அடிக்கிற பெண் எங்கள் கிளப்பில் வேறு யாரும் இல்லை. இது பெருமை இல்லை, தகவல். கொடிக்குப் பக்கத்தில் வந்த பிறகு பந்தைச் சற்றே எழுப்பிக் குழியை நோக்கி உருளவிடுகிற ‘சிப்’ மட்டும் இவருடையது. குழந்தைவேலு என்று பெயர் வைத்ததாலோ என்னவோ, பந்தைத் தூங்குகிற குழந்தையாக இறக்கிவிடுவார்.

இந்த வருடம் சிப்பும் நான்தான். இவர் ஜூன் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. இவர்தான் மாட்டேன் என்கிறார். கட்டிலை விட்டு இறங்குவது என்றால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான். மீதி நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுக்கை. இப்படியே கிடந்தால் கால் அப்புறம் கேட்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதையெல்லாம் எழுத இந்த டைரி இல்லை. இது கோப்பைக்கான டைரி.

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிற இடத்தில் பாயை விரித்தேன். அதற்கு நேர் கீழே இவர் கட்டில் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பிளாஸ்டிக் வாளியைச் சாய்த்து வைத்து அடித்தேன். பாதிக்கு மேல் உள்ளே. இரண்டு வருடமாக இவர் என்னவோ பெரிய வித்தை மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு செய்ததெல்லாம் இவ்வளவுதானா? கீழே போய்ச் சொன்னேன். இவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

மதியம் கீரைக் கடைசலும் பருப்பும். மூன்று வாய் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று வாளியை இன்னும் தள்ளி வைத்தேன். வரிசையாக உள்ளே விழுகிறது. நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

பிசியோதெரபி பெண் ஜெசிந்தா வந்தாள். பொறுமைசாலி. “சார், நடக்க வேண்டாம். ஒரு தடவை நின்னு மட்டும் பாருங்க” என்றாள். இவர், “நாளைக்குப் பாக்கலாம் கண்ணு” என்றார். போன முறையும் இதே நாளைக்குத்தான். அவள் போகும்போது வாசலில் என்னிடம், “விழுந்துடுவோம்னு பயப்படறாரும்மா. அந்தப் பயம் போற மாதிரி ஏதாவது வேணும். நான் சொல்லிப் போகாது” என்றாள். எனக்கு அதற்கு நேரம் எங்கே இருக்கிறது. பயிற்சி இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒரு செய்தி. இவர் பேசினார்.

அடித்து முடித்துவிட்டுக் காபி கொண்டுபோனேன். சுவரைப் பார்த்தபடியே, “ரெண்டு சத்தம் வருது” என்றார்.

“எங்கிருந்துங்க?”

“மேலதான். தொம்முனு ஒண்ணு, டிக்குனு ஒண்ணு.”

“பந்து அடிச்சா சத்தம் வராதா? வாளில வுழுகுதா இல்லையா, அதப் பேசுங்க.”

ஒன்றரை மாதமாக என்னிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன் இன்று பேசியதே என் ஆட்டத்தைக் குறை சொல்வதற்கு. எரிச்சலாக இருந்தது. காபியை முழுசாகக் குடித்துவிட்டார் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கிளப்புக்குப் போனேன். புல் சரியில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

புல் நன்றாகத்தான் இருந்தது. நேற்று எழுத மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுச் சரசுவை இவருக்குத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனின் ஓரத்தில் நான்கைந்து பந்துகளைப் போட்டேன். தேவசேனாவும் அவள் வீட்டுக்காரரும் கொஞ்சம் தள்ளிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஜோடிக் கோப்பையில் எங்களுக்கு எப்போதும் இரண்டாவதாக வருகிறவர்கள். நான் வேண்டுமென்றே அவள் கண்ணில் படுகிற மாதிரி நின்றேன். முதல் அடி. மட்டை மண்ணில் சத்தென்று புதைந்து, பிடுங்கிக்கொண்டு வந்த புல் கரணை பந்தைவிடத் தூரம் போனது. பந்து ஒரு முழம் நகர்ந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் மண் என் புடவை மேல்.

“ஏனுங்க்கா, கெழங்கு தோண்டறீங்களா?” என்றாள் தேவசேனா. நன்றாகத்தான் சொன்னாள். வேறு யாருக்காவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இவரிடம், “அருமையா ஆடினேன்” என்றேன். இவர் என் புடவையைப் பார்த்தார். சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, நன்றாகவே பார்த்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்லி, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுத்தார். உட்கார்ந்துகொண்டு.

“அம்மிணி, உன்ற மட்டை பந்துக்குப் பின்னாலயே தரைல எறங்குது. அதான் மொதல் சத்தம். பாய்ல எறங்குனா வழுக்கிக்கிட்டுப் போயி பந்தையும் அடிச்சுரும். பந்தும் போயிரும், நீயும் சந்தோசப்பட்டுக்குவ. புல்லு அப்புடி வழி வுடாது. புடிச்சுக்கும்.”

“அப்ப இத்தன நாளா வாளில வுழுந்ததெல்லாம்?”

“பாய் உன்னை ஏமாத்திருக்குது.”

விலை கொடுத்து வாங்கிய பாய். சகித்துக்கொள்ள முடியவில்லை. “நாம ரெண்டு பேரும் நல்லா இருக்கறோம். நீங்க படுக்கைல பொய் சொல்லிக்கிட்டுக் கெடக்கறீங்க, நான் பாய்ல பொய் சொல்லிக்கிட்டு ஆடறேன். பாயும் படுக்கையும்னு ஊருல சொல்றது நம்மளத்தான்” என்றேன். வாய் தவறித்தான் வந்தது. எழுந்து நடமாடவே முடியாதவர்களைத்தானே பாயும் படுக்கையுமாக இருக்கிறார்கள் என்று சொல்வோம்.

இவர் கோபப்படவில்லை. “பந்துக்கு ஒரு சாண் பின்னால துண்டை மடிச்சுப் போட்டுக்க. துண்டுல படாம அடிச்சாப் பழகிரும்” என்றார்.

இவருடைய நல்ல துண்டையே எடுத்துப் போட்டேன். என் கோபத்துக்கு அது போதும்.

ஆகஸ்ட் 23, சனி

புது முறை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறார். நான் மேலே அடிக்க அடிக்க, கீழேயிருந்து கத்துகிறார். மட்டை தரையில் பட்டுவிட்டுப் பந்தில் பட்டால் “ரெண்டு!” சுத்தமாகப் பந்தில் மட்டும் பட்டால் “ஒண்ணு!” காலையில் எல்லாமே ரெண்டு. சரசு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னக்கா, பால் பாக்கெட்டா எண்ணறீங்க?” என்று கேட்டாள்.

குரல் நன்றாகத் தெளிந்திருக்கிறது. ஒன்பதாவது குழியிலிருந்து கூப்பிட்டால் கிளப் வாசலில் கேட்கிற குரல் அது.

ஜெசிந்தா மாடிக்கு வந்து பார்த்தாள். “தொட்டி நிழலுக்காகப் பாயை இங்க போட்டேன்னு சொன்னீங்க. நிழல் அந்தப் பக்கமில்ல விழுது?” என்றாள். பிசியோதெரபி படித்தவளுக்கு நிழலைப் பற்றி என்ன தெரியும்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. பூரணக் கொழுக்கட்டை, காரக் கொழுக்கட்டை. சாமி கும்பிட்டுவிட்டு மாடிக்குப் போனேன். ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு. ரெண்டு. ஒண்ணு. பிள்ளையார் நம் பக்கம்.

கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டுக் கொழுக்கட்டை சாப்பிட்டார். பாதம் தரையில் பட்டது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

கிளப். பரவாயில்லை, மண் பறக்கவில்லை. ஆனால் பாயில் எல்லா இடமும் ஒரே மாதிரி. புல்லில் ஓர் இடம் அடர்த்தி, ஓர் இடம் வழுக்கை, ஓர் இடம் ஈரம். பந்து ஒரு தடவை புல்லுக்குள் உட்கார்ந்துகொள்கிறது, ஒரு தடவை மேலே மிதக்கிறது. பாயில் நான் ராணி. புல்லில் அதன் தயவு வேண்டியிருக்கிறது.

இனி பயிற்சி கீழே. கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிக் கொஞ்சம் அருகம்புல் இருக்கிறது. இவர் விழுந்ததிலிருந்து யாரும் தண்ணீர் விடாமல் காய்ந்து கிடக்கிறது. இன்று மாலையே விட்டேன். படுக்கையறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியும். கட்டிலிலிருந்து தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் ஜன்னலுக்கு வர வேண்டும்.

வேறு இடத்தில் புல் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

புல்லில் அடித்தால் சத்தம் உள்ளே கேட்காது. இது எனக்கு முன்பே தெரியும் என்று யாரும் சொல்ல முடியாது.

“என்னாச்சு? அடிக்கலையா?” என்று உள்ளேயிருந்து குரல்.

“அடிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்.”

“எப்புடிப் போகுது?”

“பிரமாதமுங்க!”

அப்போது ஒரு புல் கரணை என் செருப்பின் மேல் கிடந்தது.

“பொய் சொல்றே” என்றார்.

“வந்து பாருங்க.”

ஜன்னல் காலியாகவே இருந்தது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். தோள்பட்டை வலி. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

வரவில்லை. நேற்றும் வரவில்லை. திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பாயை விட்டுக் கீழே வந்தது என் முட்டாள்தனமோ? மாடியில் இருந்தபோது கத்தவாவது கத்தினார்.

பயமாக இருக்கிறது. இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றைக்குப் பக்கம் பக்கமாக எழுதலாம். எழுதப்போவதில்லை. சுருக்கமாக:

காலையில் புல்லில் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு முதுகு. உள்ளேயிருந்து டொக் என்று ஒரு சத்தம். பிறகு சரக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டொக். சரக். வாக்கரைத் தூக்கி வைக்கிற சத்தம் ஒன்று, காலை இழுத்து வைக்கிற சத்தம் ஒன்று.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவார் என்று எனக்குத் தெரியும். பந்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் எந்த ரெண்டு சத்தத்தை நிறுத்தப் பாடுபட்டேனோ, அந்த ரெண்டு சத்தம் நிற்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கம்பியில் வளையல் மாதிரி ஏதோ இடித்தது. அது வாக்கர்.

“தலைய நிமித்தாதே. பந்தைப் பாத்து அடி” என்றார்.

அடித்தேன். எப்படிப் போனதென்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். தூசி என்று எழுதலாமென்று நினைத்தேன். என் டைரியில் நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அழுதேன்.

“ஒண்ணு” என்றார் ஜன்னலிலிருந்து. வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது அவருக்கு. என் வீட்டுக்காரர். நின்றுகொண்டிருந்தார்.

செப்டம்பர் 13, சனி

தினமும் இருவேளை ஜன்னலுக்கு வருகிறார். ஜெசிந்தாவிடம் கூடம் வரை நடந்து காட்டினார். அவள் கைதட்டினாள். “இதுக்கெல்லாம் கை தட்டாதே கண்ணு” என்றார், முகம் முழுக்கச் சிரிப்பு.

இரவுச் சாப்பாட்டில் கேட்டார். “கோப்பைக்கு யாரு கூட ஆடறே?”

“உங்க கூடத்தானுங்க. பேரு குடுத்து ஒரு மாசமாச்சு.”

“என்னைக் கேட்டியா?”

“பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க என்னைக் கேட்டீங்களா?”

தோசையை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அம்மிணி, வீட்டுல நடக்கறது வேற. அங்க புல்லு. மேடு பள்ளம். எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. வுழுந்துட்டன்னா?”

“வுழுந்தா நான் தூக்கறேன். இத்தன நாளாத் தூக்குனவதானே.”

தோசையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 20, சனி

இவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினேன். பார்த்தார். கழற்றச் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

வந்தார்.

பேட்டரி வண்டியில் உட்காரவைத்து, வாக்கரைப் பின்னால் கட்டி, ஒன்பது குழியும் சுற்றினோம். தூரத்து அடி, சிப், குழிக்குள் தட்டுவது எல்லாம் நான். ஒவ்வொரு கிரீன் ஓரத்திலும், “இறங்கித் தட்டறீங்களா?” என்று கேட்டேன். “அடுத்ததுல பாக்கலாம்” என்றார். ஜெசிந்தாவிடம் சொன்ன அதே நாளைக்கு. எட்டாவது குழி முடிந்தது. இவர் இன்னும் ஓர் அடி அடிக்கவில்லை. இப்படியே போனால் எங்கள் ஆட்டம் செல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. தேவசேனா கூட.

கோப்பை போனால் போகட்டும். இன்றைக்கு இந்த வண்டியிலிருந்து இறங்காமல் வீட்டுக்குப் போனால் நாளைக்கு மறுபடியும் சுவர்தான். எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

ஒன்பதாவது குழி. பந்து கிரீனுக்குச் சற்று வெளியே, காலை மழையில் நனைந்த அடர்ந்த புல்லில் கிடந்தது. பாயில் இப்படி ஓர் இடம் ஆயுசுக்கும் கிடைக்காது. சிப் அடித்தாக வேண்டும். இவர் வண்டியில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டிருந்தார், காதால் பார்ப்பதற்கு.

அடித்தேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமாக ஓர் அடி அடித்ததில்லை. புல் இதழ் ஒன்று கூடப் பறக்கவில்லை. பந்து எழுந்து, கிரீனில் இறங்கி, கொடியைப் பார்த்து உருளத் தொடங்கியது.

“ஒண்ணு!” என்று கத்தினார் இவர்.

எல்லோரும் “போகுது, போகுது” என்றார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இது குழிக்குள் விழுந்துவிட்டால் இவருக்கு அடிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. இறங்க வேண்டிய அவசியமும் இருக்காது. ஒன்றரை மாதம் தோள் வலிக்க வலிக்கப் பழகிய அடியை அடித்துவிட்டு, விழாதே, சாமி, விழாதே என்று வேண்டிக்கொண்டவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, வளைந்து, ஒரு சாண் தள்ளி நின்றது.

இவர் கண்ணைத் திறந்து பந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “வாக்கரை எடு” என்றார்.

கிரீன் ஓரம் வரை வாக்கரோடு வந்தார். டொக், சரக். அங்கே நின்றுவிட்டார். போச்சு என்று நினைத்தேன். கீழே குனிந்து பார்த்துவிட்டு, “இத இதுக்கு மேல கொண்டுபோகக் கூடாது. கிரீன்ல குத்து வுழுந்துரும்” என்றார். கிரீனில் ஈரச் செருப்புத் தடம் பட்டால் கூட மனசு தாங்காத ஆள் இவர். அதை நான் மறந்தே போய்விட்டேன்.

வாக்கரை விட்டார். என் தோளைப் பிடிப்பார் என்று பக்கத்தில் போனேன். “மட்டையை மட்டும் குடு” என்றார். ஊன்றக் கூட இல்லை, ஊன்றினால் அதுவும் குத்தும். வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல, சத்தமே இல்லாமல், பச்சைப் புல்லின் மேல் நடந்து போனார். நான் பின்னால் நின்றேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கிய ஆள், என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு எவ்வளவு கர்வமாக இருந்தது என்பதை இந்த டைரி தாங்காது.

தட்டினார். உள்ளே விழுந்தது.

கோப்பையைத் தேவசேனா வாங்கிப் போய்விட்டாள். எங்களைவிட இரண்டு அடி குறைவு. நன்றாகத் துடைத்து வைத்துக்கொள்ளட்டும், அடுத்த வருடம் எங்களுக்குத்தானே வரப்போகிறது. கை குலுக்கும்போது என் காதில், “அக்கா, கடைசி சிப்பு அருமை. ஜஸ்ட்ல வெளிய போயிருச்சு, பாவம்” என்றாள்.

“ஆமா, பாவம்” என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

தாமதமாகத்தான் எழுந்தேன். மாடிக்குப் போய்ப் பாயைச் சுருட்டிக் கட்டித் தொட்டியடியில் போட்டேன். நிழல் அங்கேதான் இருக்கிறது, ஜெசிந்தா சொன்ன பக்கம்.

கீழே வந்தால் கட்டிலில் ஆள் இல்லை. போர்வையை அவரே நாலாக மடித்து, தலையணை மேல் வைத்திருந்தார். வெளியே குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம்.

இன்றைக்குப் பயிற்சி இல்லை. புல் ஈரமாக இருக்கிறது.